அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு,

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். உங்கள் பெற்றோரை மாதாமாதம் பார்க்கிறேன். உங்களைப் பார்ப்பது அபூர்வம். உங்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பாதி கிழிந்த மாத்திரை அட்டை, கூடவே "இதே மாதிரி ரெண்டு மாசத்துக்குக் குடுங்க" என்று ஒரு வரி. பணமும் உடனே வந்துவிடும். பெற்றோரைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மருந்துச் செலவுக்கு ஒருபோதும் தவறாதவர்கள் நீங்கள். என் ஆதங்கம் வேறு. அந்த அட்டையில் என்ன மருந்து இருக்கிறது, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எந்த நாளில் அது ஆபத்தாகும் என்று கேட்பவர்கள் உங்களில் மிகக் குறைவு. கேட்காமல் விட்டதன் பலனை உங்கள் அம்மா அனுபவிக்கிறார்.

அவர்கள் மாத்திரையை எப்படி அடையாளம் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? "நீட்டு மாத்திரை", "பாதி வெள்ளை பாதி மஞ்சள்", "சாப்பாட்டுக்கு முன்னாடி போடற குட்டி". கம்பெனி மாறினால் நிறம் மாறும், வடிவம் மாறும், அடையாளம் போய்விடும். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா எங்கள் கடைக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் தனித்தனியாகக் கொடுத்திருந்தார்கள். மகள் ஊருக்கு வந்தபோது தனியார் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். அவர் எழுதித் தந்தது ஒரே மாத்திரைதான், ஆனால் அதற்குள் இருந்தவை அதே மெட்ஃபார்மின், அதே கிளிமிபிரைடு. பழைய மாத்திரையைப் பற்றி அந்த மருத்துவரிடம் யாரும் சொல்லவில்லை. மகள் கிளம்பிப் போன பிறகு இந்த அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். காலை பதினோரு மணிவாக்கில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சத்து டானிக் ஏதாவது கொடு தம்பி என்று கேட்டுத்தான் கடைக்கு வந்தார். பையில் இருந்ததை எடுத்துக் காட்டச் சொன்னேன். "அது ஆஸ்பத்திரி மாத்திரை, இது டாக்டர் மாத்திரை" என்று பிரித்து வைத்தார். அவரைப் பொறுத்தவரை அவை இரண்டும் வேறுவேறு மருந்துகள்.

இந்தக் குழப்பத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அட்டையின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அதற்கருகிலோ பின்பக்கமோ பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரே மருந்துக்கு நம் நாட்டில் நூற்றுக்கணக்கான வணிகப் பெயர்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எத்தனையோ முதியவர்களுக்கு அது பெரிய உதவி. கூடவே தனியார் மருத்துவர் எழுதியது இருக்கிறது, தள்ளுபடி விலையில் நீங்கள் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது இருக்கிறது. மூன்று வழியாக வந்தவை வந்து சேர்வது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில். அந்த டப்பாவைக் கவனிக்க உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். எம்1 என்று இருந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், எம்2 என்றால் 2 மில்லிகிராம். "எம்1 இல்லையா, எம்2 குடுங்க, ஒண்ணுதானே கூட" என்று உங்களில் சிலர் போனில் சொல்கிறீர்கள். அந்த ஒன்று, மருந்தை இரு மடங்காக்கிவிடும். எஸ்ஆர் என்றிருந்தால் மருந்து வயிற்றுக்குள் மெல்ல மெல்லக் கரைந்து இறங்கும்படி செய்த மாத்திரை. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அதைப் பொடித்துக் கொடுத்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கும். அந்த வகை மாத்திரைகளில் சிலவற்றின் வெறும் கூடு மலத்தோடு வெளியே வரும். மாத்திரை கரையவே இல்லை, மருந்து வேலை செய்யவில்லை என்று அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. மருந்து உடம்பில் சேர்ந்த பிறகு மிஞ்சிய கூடு அது.

நான் அதிகம் பேச விரும்புவது கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பற்றி. சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பம். 1942-இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்கியது. அந்த விபத்திலிருந்து பிறந்த மருந்துகள் இவை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். விலை குறைவு, பலன் நிச்சயம். அரசு மருத்துவமனை முதல் பெரிய ஆஸ்பத்திரி வரை எழுதாத இடமில்லை. இவை மோசமான மருந்துகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் அம்மா இன்று சாப்பிட்டாரா இல்லையா என்பது இந்த மாத்திரைக்குத் தெரியாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும்.

அம்மாவின் நாட்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விரதம். ஏகாதசி. ரம்ஜான் நோன்பு. கல்யாண வீட்டில் பந்தி தாமதம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டிய காலையில் பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபில் ஒன்பதரை மணி வரை வரிசையில் உட்கார்ந்திருப்பார். வாந்தி, பேதி என்று இரண்டு நாள் கஞ்சிகூட இறங்காமல் கிடப்பார், மாத்திரையை மட்டும் விடமாட்டார். அந்த நாட்களில்தான் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குகிறது. வயதாகி சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பை விட்டு வெளியேறத் தாமதமாகும், இறங்கிய சர்க்கரை ஏற மறுக்கும். கிளிபென்கிளமைடு 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிட்டிருக்கிறது. அந்தப் பெயர் உங்கள் வீட்டு அட்டையில் இருந்தால் பதற வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்.

முதியவர்களிடம் லோ சுகர் எப்போதும் நடுக்கமும் வேர்வையுமாக வருவதில்லை. வழக்கமில்லாத கோபம், சம்பந்தமில்லாத பேச்சு, வாய் குழறல், எழுப்பினால் எழாத தூக்கம். "அப்பாவுக்கு ஞாபகம் தப்புது" என்று நீங்கள் சொன்னவற்றில் சில, காலைச் சாப்பாடு தாமதமான நாட்களாக இருக்கலாம். பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் அமுங்கிவிடும், வேர்வை ஒன்றுதான் மிஞ்சும். குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், சரி. அதில் பட்டை இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் பார்க்கத் தெரியுமா?

சர்க்கரை இறங்கினால் மிட்டாய் கொடு, சீனி கொடு என்று எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சீனி உடனே உதவாது. சீனியையும் மாவுப்பொருளையும் குடலில் உடைய விடாமல் தாமதப்படுத்துவதுதான் இந்த மருந்துகளின் வேலையே. நம் ஊரில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது சர்வ சாதாரணம். சர்க்கரையை இறக்கக்கூடிய மருந்தும், அவசரத்துக்குக் கொடுக்கும் சீனியைத் தடுக்கும் மருந்தும் ஒரே வில்லைக்குள் இருக்கின்றன. அந்த வீட்டில் குளுக்கோஸ் பொடி இருந்தே ஆக வேண்டும். சுமார் மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். சல்ஃபோனைல்யூரியா மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

மெட்ஃபார்மின் கதை நேர் எதிர். அது தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது மிக அரிது. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை. பிரான்சில் 1957-இல் சர்க்கரை நோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றுவரை பெரும்பாலானோருக்கு முதல் மருந்தாக எழுதப்படுகிறது. ஆனால் "மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துடும்" என்ற ஃபார்வர்டைப் பெற்றோருக்கு அனுப்பியவர்களில் நீங்களும் இருக்கிறீர்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகம் வேறு காரணத்தால் தளர்ந்துபோனால் மருத்துவர் அதன் அளவைக் குறைப்பார், மிகவும் தளர்ந்தால் நிறுத்துவார். இதைத் திரித்துச் சொன்ன செய்தியை நம்பி, நல்ல மருந்தை நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் கழித்து நிஜமாகவே கெட்ட சிறுநீரகத்தோடு வந்தவர்களை எண்ணினால் எனக்கு வயிறு எரிகிறது.

மெட்ஃபார்மினிடம் கவனிக்க வேண்டியவை வேறு. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் அடங்கும். பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையக்கூடும். பாதம் எரிகிறது, மதமதக்கிறது என்று அப்பா சொன்னால் "சுகர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடாதீர்கள். அதில் ஒரு பகுதி பி12 குறைவால் வந்ததாக இருக்கலாம், அதைச் சரிசெய்ய முடியும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேன், ஆஞ்சியோ என்று எது வந்தாலும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்பதை முன்கூட்டியே அங்கே சொல்லுங்கள்.

புதிய மருந்துகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கிளிப்டின் என்று முடிபவை, அதாவது சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், பெரிய தொந்தரவு தராதவை. சாப்பிட்டால்தான் வேலை செய்யும், அதனால் தனியாகக் கொடுத்தால் லோ சுகர் பயம் குறைவு. ஃப்ளோசின் என்று முடியும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தருபவை என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவற்றைச் சாப்பிடுபவரின் சிறுநீரில் எப்போதும் சர்க்கரை காட்டும், அதைப் பார்த்து அலற வேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பு, புண் வரலாம். இதை உங்கள் அம்மா உங்களிடம் சொல்லமாட்டார், என்னிடமும் சொல்லமாட்டார். மகள்களே, நீங்கள்தான் கேட்க வேண்டும். வாந்தி பேதியில் சாப்பிட முடியாமல் கிடக்கும்போது இந்த மாத்திரை உடம்பில் கீட்டோன் அமிலத்தைச் சேர்த்துவிடக்கூடும். அப்போது உடனே மருத்துவரைக் கேளுங்கள். அறுவை சிகிச்சை என்றால் மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வார்கள். விலைக்குப் பயந்து மறுத்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்து விலை பல மடங்கு இறங்கிவிட்டது. பயோகிளிட்டசோன் சாப்பிடுபவருக்குக் கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ தள்ளிப்போடாமல் போங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது.

இன்சுலின் விஷயத்தில் என் வருத்தம் உங்கள் மீதுதான். மருத்துவர் ஊசியை எழுதும்போது "வேண்டாம் டாக்டர், மாத்திரையை ஏத்திக் குடுங்க" என்று சொல்வது பல வீடுகளில் நோயாளி அல்ல, பிள்ளைகள். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று உங்கள் மனதில் பதிந்திருக்கிறது. சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே இன்சுலினைச் சுரக்கும் செல்களின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும், பிறகும் ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 1990-களில் காட்டியது. இருபது வருடம் கழித்து மாத்திரை போதவில்லை என்றால் அம்மா பத்தியம் தவறியதால் வந்த தண்டனை இல்லை அது. நோயின் போக்கு அப்படி. அவரைக் குற்றவாளியாக்காதீர்கள்.

ஊசி வந்துவிட்டால் இரண்டு விஷயங்களை நேரில் பாருங்கள். நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். உயிருக்கு ஆபத்தான தவறு இது. மாற்றி எடுத்தால் மருந்து பாதிகூடப் போகாது. அடுத்தது, குப்பியை ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் கதவுத் தட்டு போதும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பிக்குப் பெரும்பாலும் நான்கு வாரம்தான் கணக்கு. மிச்சம் இருக்கிறதே என்று இரண்டு மாதம் ஓட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

நாட்டு மருந்துப் பொடியால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும். 2008-இல் சிங்கப்பூரில் ஆண்மைக்கு என்று விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாத பலர் அதனால் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை, அது எவ்வளவு நம்பிக்கையான மனிதர் தந்ததாக இருந்தாலும், அம்மாவின் மாத்திரைகளோடு சேரவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாரம் ஒருமுறை போனில் "எவ்ளோ இருக்கு?" என்று கேட்கிறீர்கள். 150 என்றால் திட்டுகிறீர்கள். அந்தத் திட்டுக்குப் பயந்து அடுத்த நாள் அரை மாத்திரை கூடப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு நாற்பது வயதில் இருக்க வேண்டிய அளவு எண்பது வயதில் அவருக்கு வேண்டியதில்லை. தளர்ந்துபோன முதியவருக்கு மூன்று மாத சராசரி (HbA1c) 8 சதவீதம் வரை இருந்தாலும் போதும் என்றே பல மருத்துவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் அந்த வயதில் லோ சுகரில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுவது கடினம். அவருக்கு எந்த அளவு சரி என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள், அதற்கு மேல் அவரை விரட்டாதீர்கள்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டப்பாவைக் கவிழ்த்து எல்லா அட்டைகளையும் விரித்து வையுங்கள். கம்பெனிப் பெயரை விடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். கண்ணுக்கு எட்டவில்லை என்றால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் தனியே எடுத்து வையுங்கள். காலாவதியானதை ஒதுக்குங்கள். பிறகு ஒரு தாளில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது. கடைசிக் கட்டத்தை நீங்களாக நிரப்ப வேண்டாம். "எனக்கு எல்லாம் தெரியும், நீ போய்த் தூங்கு" என்று அப்பா சொல்வார். எழுந்துவிடாதீர்கள். அவர் எந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார் என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எதை ரகசியமாக நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

அந்தத் தாளையும் எல்லா அட்டைகளையும், அரசு மாத்திரை, தனியார் மாத்திரை என்று பிரிக்காமல் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரோடு மருத்துவரிடம் போங்கள். லீவு கிடைக்கவில்லை என்றால் போனிலாவது உடனிருங்கள். இவற்றில் எது சாப்பிடாவிட்டால் சர்க்கரையை இறக்கும், இந்த வயதுக்கும் இந்தச் சிறுநீரகத்துக்கும் இந்த அளவு சரியா, காய்ச்சல் வாந்தி வந்தால் எதை நிறுத்த வேண்டும், பி12 எப்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வெளியே கூட்டம் காத்திருக்கும், மருத்துவர் அவசரத்தில் இருப்பார். இருந்தாலும் கேளுங்கள், பதிலை அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒரு படி எங்கள் கடைக்கும் வேண்டும். வரும் வழியில் ஒரு டப்பா குளுக்கோஸ் பொடி வாங்கி, அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

அக்கறையுடன்,
உங்கள் ஊர் மருந்தாளுநர்